வீட்டு ஸ்டுடியோவில் ஓடும் உறுமலை விரட்டுவது எப்படி

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரும் பாடாத, எதுவும் வாசிக்காத நேரத்தில் கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள். அடியில் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறதா, ‘ர்ர்ர்’ என்று கரகரக்கிறதா, ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறுகிறதா? மூன்றும் வேறு வேறு இடங்களிலிருந்து வருபவை. எது என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் தங்க முலாம் பூசிய பவர் கேபிளும் விலை கூடிய ஸ்பைக் கார்டும் வாங்கிக்கொண்டு வருவோம். சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் மதுரையில், வீட்டு மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ரெக்கார்டிங் செய்கிறேன். பெரும்பாலும் வாய்ப்பாட்டு, வீணை, வயலின். நடுநடுவே குறும்படங்களுக்கு எலக்ட்ரிக் கிட்டார். கீழே சமையலறை, பின்பக்கம் போர்வெல் மோட்டார், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். இங்கே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான்: ஒரு லேப்டாப், மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும், இரண்டோ நான்கோ இன்புட் உள்ள யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், சில மைக்குகள்.

சத்தத்தை அடையாளம் காணுங்கள்

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. ஆகவே உறுமலின் அடிச்சுருதி 50 ஹெர்ட்ஸ். கட்டைக் கணக்கில் சொன்னால் அது 5 கட்டைக்குச் சற்று மேலே நிற்கிறது. அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு கூடுதல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். யூடியூபில் யாராவது ‘60-ஐ வெட்டுங்கள், 120-ஐ வெட்டுங்கள்’ என்றால் நமக்கு அது 50, 100 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

மைக்கைச் செருகி, வழக்கமாகப் பாடகருக்கு வைக்கும் அளவில் கெயினை வைத்து, அரை நிமிடம் சும்மா ரெக்கார்ட் செய்யுங்கள். ஆடாசிட்டியில் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ கொடுங்கள். சைஸ் என்ற இடத்தில் 16384 அல்லது அதற்கு மேல் வையுங்கள். குறைவாக வைத்தால் 50-உம் 100-உம் ஒன்றோடொன்று கலந்து மேடாகத்தான் தெரியும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் வாக்ஸெங்கோ ஸ்பான் என்ற இலவச பிளகினைப் போட்டுப் பார்க்கலாம்.

படத்தில் 50 மட்டும் உயர்ந்து, கூடவே 150, 250 எட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், அல்லது எர்த்து வழியாக ஓடும் சுற்று. 100, 200, 300 உயர்ந்தால் ஒரு பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். உள்ளே கெபாசிட்டர் காய்ந்துபோன பழைய அடாப்டர் அப்படித்தான் பேசும். சீப்புப் பல்லைப்போல 50-க்கு ஒன்றாகப் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை வரிசை கட்டி நின்றால் அதுதான் காதில் ‘ர்ர்ர்’ என்று கேட்பது. ஃபேன் ரெகுலேட்டர், லைட் டிம்மர், மட்டமான எல்.இ.டி. பல்பு, ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லாத வாத்தியப் பிக்கப் இவற்றில் ஒன்று. சரியாக 1000 ஹெர்ட்ஸிலோ 8000 ஹெர்ட்ஸிலோ ஊசிபோல ஒன்று நின்றால் அது யு.எஸ்.பி. சமாச்சாரம். யு.எஸ்.பி. வேகத்தைப் பொறுத்து, தகவல் நொடிக்கு ஆயிரம் அல்லது எட்டாயிரம் தவணைகளாகப் போகிறது. அந்தத் தவணையே சத்தமாகக் கசிகிறது. எந்த முனையும் இல்லாமல் சமதளமாகப் பரவியிருந்தால் அது வெறும் சீறல். அதற்கும் வீட்டு வயரிங்குக்கும் சம்பந்தம் இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்

இதற்குக் காசு செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும். முதலில் மைக் கேபிளை இன்டர்ஃபேஸிலிருந்து கழற்றுங்கள் (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியாகப் போகும் ஃபான்டம் பவரை அணைத்துவிட்டு). சத்தம் போய்விட்டால் பிரச்சினை மைக், கேபிள், அறை இவற்றில். போகாவிட்டால் இன்டர்ஃபேஸுக்கு இந்தப் பக்கம். சத்தம் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு, ரெக்கார்டிங்கில் இல்லையென்றால் ஸ்பீக்கரின் இன்புட் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் லேசாகச் சீறினால் அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் இயல்பு. காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து லேப்டாப் சார்ஜர். பிடுங்கி, பேட்டரியில் ஓடவிட்டுக் கேளுங்கள். நான் பார்த்த வீட்டு ஸ்டுடியோக்களில் அதிகம் மாட்டிக்கொண்ட குற்றவாளி இதுதான். பிறகு ஃபேன், டியூப்லைட், வைஃபை ரவுட்டர், மொபைல் சார்ஜர், கீழே ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டை ஒன்றாக அணைத்தால் எது என்று தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

ஃபேன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஃபேனை நிறுத்தியதும் சத்தம் போனால் அது மின்சத்தம்தான் என்று முடிவுகட்டாதீர்கள்; காற்றுச் சத்தம் மைக்கில் விழுவதும் நின்றிருக்கும். மைக்கைக் கழற்றிவிட்டு, இன்புட்டில் கிட்டாரையோ வெறும் கேபிளையோ செருகி, ரெகுலேட்டரை 5-இலும் 2-இலும் வைத்துக் கேளுங்கள். மாறினால் அது வயர் வழியாக வருவது.

அப்புறம், நம் ஊருக்கென்றே ஒரு வசதி இருக்கிறது: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்கு ஏரியா முழுக்க கரண்ட் போகும் என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள், எனக்கு அது சோதனை நாள். வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, லேப்டாப்பை பேட்டரியில் போட்டு, யு.எஸ்.பி.யிலேயே பவர் எடுக்கும் இன்டர்ஃபேஸில் அரை நிமிடம் ரெக்கார்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவிலேயே மின்சாரம் ஓடாத நேரத்தில் உங்கள் கருவிகள் எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதற்கு அதுதான் அளவுகோல். கரண்ட் வந்த பிறகு எடுக்கும் ஒவ்வொரு சோதனையையும் அதோடு ஒப்பிடலாம். அந்த அமைதியான பதிவிலும் ஓர் ஊசி முனை தெரிந்தால், வீட்டு வயரிங்கைக் குறை சொல்லாமல் லேப்டாப்பையும் இன்டர்ஃபேஸையும் பாருங்கள். கெஞ்சிக் கூப்பிட்டு வந்த பாடகரை அன்றைக்கே உட்காரவைத்துப் பாட்டையும் எடுத்துவிடுவது என் வழக்கம்.

எர்த்து

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உறுமல் என்று எந்தக் கடையில் போய்ச் சொன்னாலும், எந்த மேடை ஆபரேட்டரிடம் கேட்டாலும் ஒரு யோசனை உடனே வரும்: “எர்த்து பின்னை நறுக்கிருங்க தம்பி, சத்தம் போயிரும்.” சத்தம் போகத்தான் செய்யும். அதோடு உங்களைக் காப்பாற்ற இருந்த ஒரே வயரும் போய்விடும்.

எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் ஷீல்டோடு இணைந்திருக்கின்றன. அந்த ஷீல்டு இன்டர்ஃபேஸின் பாடியோடும், அது லேப்டாப்போடும் சார்ஜரோடும் இணைந்திருக்கிறது. மைக்கின் உலோக உடம்பும் அப்படித்தான். எங்காவது ஓரிடத்தில் ஃபேஸ் பாடியில் பட்டுவிட்டால், எர்த்து இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது டிரிப் ஆகும். இல்லாவிட்டால் பாடுகிறவரின் கை, உதடு வழியாகப் போகும். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையில் எர்த்து சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார். ஆகவே பின்னை நறுக்குவது, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டுவது இரண்டும் என் அறையில் கிடையாது. யார் வந்து சொன்னாலும்.

சரி, முதலில் உங்கள் வீட்டில் எர்த்து இருக்கிறதா? பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருப்பதால் எர்த்து இருக்கிறது என்று ஆகாது. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழக்கம் இருந்தால் மட்டும் நீங்களே பாருங்கள். பாயிண்டை நேரே நின்று பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே பெரிய ஓட்டை எர்த்து. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

ஃபேஸ் - எர்த்து அளவு நிலையில்லாமல் எங்கெங்கோ ஓடினால் எர்த்து வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது. பழைய வீடுகளில் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. அந்தக் காலத்தில் எர்த்து வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு குழாயை பி.வி.சி.க்கு மாற்றியபோது எர்த்தும் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கும். இன்னொரு பக்கம், நியூட்ரல் - எர்த்து அளவு எவ்வளவு லோடு போட்டாலும் சுத்தமாக பூஜ்யத்தில் நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். பாயிண்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் யாரோ இணைத்திருக்கலாம். இது ஆபத்து, அதோடு வீட்டின் நியூட்ரல் கரண்ட் எர்த்து வயர் வழியாகவும் ஓடி, உறுமலுக்கு நேர் வழி போட்டுக்கொடுக்கும். உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

எர்த்து குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டு இறக்கிய குழாய் என்றால் அது ஈரத்தை நம்பி இருப்பது. சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் துளசிக்கு ஊற்றுவதோடு சேர்ந்த வேலை. கூடவே மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் கரண்டை அறுக்கும் ஸ்விட்ச்) போட்டுக்கொள்ளுங்கள். உறுமலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உலோக மைக்கில் உதடு படப் பாடும் ஒருவரை வீட்டுக்கு அழைக்கிறோம்.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் லேசாக ‘சுருக்’ என்று ஊறுகிறதே, அதுவும் எர்த்து கதைதான். சார்ஜர்களுக்குள் இரைச்சலை வடிகட்டச் சிறிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக ஒரு சின்னக் கசிவு எப்போதும் இருக்கும். எர்த்து இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த்து இல்லாவிட்டால், அல்லது இரண்டு பின் சார்ஜர் என்றால், மெயின் வோல்ட்டேஜில் பாதி அளவில் உடம்பு மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஊறலோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்தக் கசிவு உங்கள் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக எர்த்து தேடிப் போனால் ஸ்பீக்கரில் கரகரக்கும்.

எல்லாம் ஒரே போர்டிலிருந்து

எர்த்து நன்றாக இருந்தும் உறுமுகிறது என்றால் எர்த்து சுற்றைப் பாருங்கள். லேப்டாப் ஒரு சுவரில், ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில் என்று செருகியிருக்கிறீர்கள். இரண்டு பாயிண்டின் எர்த்து வயரும் வெவ்வேறு வழியாக வீட்டைச் சுற்றிப் போகின்றன. இடையில் ஆடியோ கேபிளின் ஷீல்டு இரண்டையும் இணைக்கிறது. ஆக ஒரு பெரிய வளையம். இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே அந்த வளையத்தில் கரண்ட் ஓடும், அது 50 ஹெர்ட்ஸாகக் கேட்கும்.

தீர்வு எளிது. லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே பாயிண்டிலிருந்து ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். ‘இத்தனையையும் ஒரே பாயிண்டிலா?’ என்று பயப்படுவார்கள். கணக்குப் போடுங்கள்: 6 ஆம்பியர் பாயிண்ட் என்றால் 230-ஆல் பெருக்க 1380 வாட். ஐந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஜோடி, லேப்டாப், இன்டர்ஃபேஸ் எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். ஏ.சி., அயர்ன் பாக்ஸ் இவற்றை மட்டும் அதில் செருகாதீர்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள். மாடியும் கீழ்த்தளமும் வெவ்வேறு ஃபேஸில் இருக்கலாம். இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். கீழ் அறையில் டிரம்ஸ், மேலே மிக்ஸிங் என்று கேபிள் இழுப்பவர்கள் பவரையும் மேலிருந்தே ஒரு வயரில் இறக்கிவிடுங்கள்.

லேப்டாப்பும் யு.எஸ்.பி.யும்

சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? ரெக்கார்டிங் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுவதே போதும். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஸ்பீக்கரில் மட்டும் ‘கீச்’ என்று கேட்டு, மௌஸை அசைத்தால் அதன் ராகம் மாறினால், இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளை பேலன்ஸ்டு கேபிளாக மாற்றுங்கள் (அது என்ன என்று அடுத்த பகுதியில்). பாதிப் பேர் அங்கே சாதாரண மோனோ கேபிளைப் போட்டிருப்பார்கள்.

யு.எஸ்.பி. ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்கிறார்கள்; லேப்டாப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே மின் இணைப்பை அறுத்து, தகவலை மட்டும் கடத்துவது. வாங்கும் முன் வேகத்தைப் பாருங்கள். விலை குறைந்தவை பலவும் நொடிக்கு 12 மெகாபிட் மட்டுமே கடத்தும். இப்போதைய இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலும் 480 மெகாபிட் எதிர்பார்ப்பவை. அந்த டப்பாவில் செருகினால் அவை பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது. வேகமான ஐசோலேட்டரின் விலைக்கு நல்ல கேபிள்கள் ஒரு செட் வந்துவிடும்.

கேபிள்

ஜாக்கின் முனையைப் பாருங்கள். ஒரே ஒரு கறுப்பு வளையம் என்றால் மோனோ, அன்பேலன்ஸ்டு. இரண்டு வளையம் என்றால் டி.ஆர்.எஸ்.; இரண்டு பக்கமும் உள்ள கருவி ஒத்துழைத்தால் அது பேலன்ஸ்டாக வேலை செய்யும். பேலன்ஸ்டு கேபிளில் ஒரே சிக்னல் இரண்டு வயரில் நேராகவும் தலைகீழாகவும் போகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது சிக்னல் இரட்டிப்பாகும், இரைச்சல் அடிபட்டுப்போகும். எக்ஸ்.எல்.ஆர். மைக் கேபிளில் முதல் பின் ஷீல்டு, இரண்டாவது நேர், மூன்றாவது தலைகீழ். மைக்கில் உறுமல் வந்தால் முதலில் அந்த முதல் பின்னில் ஈயம் விட்டுப்போயிருக்கிறதா என்று கனெக்டரைத் திறந்து பாருங்கள்.

கீபோர்டு, மொபைல், எலக்ட்ரானிக் தம்புரா போன்றவற்றின் அவுட்புட் பெரும்பாலும் அன்பேலன்ஸ்டு. டிரான்ஸ்பார்மர் உள்ள ஒரு பாஸிவ் டி.ஐ. பாக்ஸை (அன்பேலன்ஸ்டு சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றும் டப்பா) நடுவே வைத்து மைக் இன்புட்டில் கொடுங்கள். அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். எர்த்து சுற்றை அறுக்க முறையான இடம் அதுதான்: ஆடியோ ஷீல்டு மட்டும் பிரியும், மின்சார எர்த்து அப்படியே இருக்கும். மிக மலிவான டி.ஐ.யின் டிரான்ஸ்பார்மர் தாழ்ந்த சுரங்களை விழுங்கிவிடும், அதனால் கொஞ்சம் நல்லதாகவே வாங்குங்கள். எலக்ட்ரானிக் தம்புராவுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. பேட்டரி போடும் வசதி இருந்தால் அடாப்டரைக் கழற்றி வைத்துவிடலாம்.

ஸ்பீக்கருக்குப் போகும் பேலன்ஸ்டு கேபிளிலேயே உறுமல் இருந்தால், ஸ்பீக்கர் முனையில் மட்டும் ஷீல்டைப் பிரித்துவிடும் பழைய உத்தி உண்டு. அப்படிச் செய்த கேபிளில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். தெரியாமல் அதை கண்டென்சர் மைக்குக்கு மாட்டினால் 48 வோல்ட் ஃபான்டம் திரும்பி வர வழியில்லாமல் மைக் வேலை செய்யாது.

பவர் வயரையும் ஆடியோ வயரையும் ஒரே கட்டாகக் கட்டி அழகு பார்க்காதீர்கள். ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். தாண்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோல நேர் குறுக்காகத் தாண்டவிடுங்கள். குண்டு அடாப்டர்களை இன்டர்ஃபேஸின் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தப்புலம் தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறைவது. அரை அடி தள்ளினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கும் அடங்காத இடத்துக்கு ஸ்டார்-குவாட் என்ற நான்கு வயர் மைக் கேபிள் இருக்கிறது, கனாரே, மொகாமி இரண்டும் தயாரிக்கின்றன. எல்லா இடத்துக்கும் அது தேவையில்லை.

கிட்டாரும் வீணைப் பிக்கப்பும்

சிங்கிள் காயில் பிக்கப் என்றால் உறுமும். அது ஒரு கம்பிச் சுருள். காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும். கிப்சனில் இருந்த செத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கருக்கு காப்புரிமை கேட்டது இதற்காகவே. உங்களிடம் சிங்கிள் காயில்தான் இருக்கிறது என்றால் உட்காரும் திசையை மாற்றுங்கள். கெயினை ஏற்றி வைத்துக்கொண்டு நாற்காலியில் மெதுவாகச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று அமுங்கும். தரையில் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். வாசிப்பவர் சிரிப்பார், பரவாயில்லை.

கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறதா, கூடுகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் கம்பியின் இணைப்பு சரி. உங்கள் உடம்பு அறையிலுள்ள மின்புலத்தை ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொடுத்துக் கொண்டிருந்தது, தொட்டதும் அது அடங்குகிறது. உள்ளே குழிகளில் காப்பர் டேப் ஒட்டி, அதைக் கேபிளின் வெளி வயரோடு இணைத்தால் இன்னும் குறையும். தொட்டால் கூடுகிறது என்றால் பிரிட்ஜிலிருந்து வரும் வயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது எர்த்து சங்கதி. மேலே சொன்ன மீட்டர் சோதனை முடியாமல் அந்தக் கிட்டாரைத் தொடாதீர்கள்.

வீணைக்கும் வயலினுக்கும் ஒட்டும் பீஸோ பிக்கப் வேறு ரகம். அதில் சுருள் கிடையாது, அதனால் காந்தப்புலத்துக்கு அசையாது. ஆனால் அதன் இம்பீடன்ஸ் (ஏ.சி. சிக்னலுக்கு அது காட்டும் தடை) மிக அதிகம் என்பதால் அறையிலுள்ள மின்புலத்தை உறிஞ்சும். மலிவான பித்தளைத் தகடு பிக்கப்புகளுக்கு ஷீல்டே இருக்காது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே கரகரக்கும். தகட்டின் மேல் மெல்லிய இன்சுலேஷன் டேப், அதன் மேல் காப்பர் டேப், அதைக் கேபிளின் வெளி வயரில் பற்றவைப்பது. இவ்வளவுதான் வேலை. பொறுமையாக ஈயம் வைக்கத் தெரிந்தால் ஒரு சாயங்காலத்தில் முடியும். கேபிள் குட்டையாக இருக்கட்டும், நேரே மைக் இன்புட்டில் செருகாமல் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று போட்ட இன்புட்டில் கொடுங்கள். அங்கேதான் ஒரு மெகா ஓம் அளவில் தடை இருக்கும். மைக் இன்புட்டில் கொடுத்தால் வீணையின் அடித்தொண்டை காணாமல் போகும், அதை ஈடுகட்டக் கெயினை ஏற்றுவீர்கள், இரைச்சலும் ஏறும்.

ஃபேன், லைட், இன்வெர்ட்டர், மொபைல்

சுவரில் சின்னதாகத் திருகும், படிப்படியாக நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும் ரெகுலேட்டர் என்றால் அது டிரையாக் வகை. ஒவ்வொரு சுற்றிலும் கரண்டை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டுதான் ‘ர்ர்ர்’. ‘டக் டக்’ என்று நான்கைந்து படியில் நிற்கும் கெபாசிட்டர் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்குக் கால் மணி நேர வேலை, செலவும் பெரிதாக ஆகாது. எல்.இ.டி. பல்பு ஒன்றைக் கழற்றி வேறு கம்பெனி பல்பைப் போட்டுப் பார்ப்பது அதைவிட எளிது.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் கரண்ட் போன நேரத்தில் ரெக்கார்டிங் வேண்டாம். சைன் வேவ் என்றால் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். மிக்சிக்குள் கார்பன் பிரஷ் பொறி பறக்கும், அந்தப் படபடப்பு வயர் வழியாகவே மேலே வரும். இதற்குச் சாதனம் எதுவும் தேவையில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டு டேக் எடுப்பதே நடைமுறை.

மொபைல் ‘டிட்டிட் டிட்டிட்’ என்று குறுக்கிடுவது 2ஜியின் 217 ஹெர்ட்ஸ் துடிப்பு. 4ஜி வந்த பிறகு குறைந்துவிட்டது. தாத்தாவின் பட்டன் போன் மட்டும் இன்னும் 2ஜியில்தான் ஓடும்; அதை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

சீறல்

சீறல் (ஹிஸ்) என்பது மைக்கும், இன்டர்ஃபேஸுக்குள் மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பும் இயல்பாக எழுப்பும் சத்தம். டைனமிக் மைக்குகள் கொடுக்கும் சிக்னல் மிகச் சிறியது, ஷூர் எஸ்.எம்.7பி போன்ற ஒன்றுக்கு 60 டெசிபல் அளவு கெயின் வேண்டும், சின்ன இன்டர்ஃபேஸ்கள் அங்கே மூச்சுவாங்கும். மைக்கை நெருக்கி வைப்பதுதான் முதல் மருந்து. 24 பிட்டில் ரெக்கார்ட் செய்தால் அளவு சராசரியாக மைனஸ் 18 டெசிபலில் நின்றாலே போதும். சிவப்பு விளக்கு வரை ஏற்ற வேண்டிய அவசியமில்லை.

மிச்சம் இருப்பதை மென்பொருளில்

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் உறுமலை நீக்கும் டி-ஹம், ஒரே ஒரு ஹெர்ட்ஸை ஒட்டி மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் எல்லாம். பிளகினை முதலில் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குக் கர்நாடக சங்கீதத்தில் ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. 5 கட்டையில் பாடும் ஒருவருக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். உறுமலின் நான்காவது மடங்கு 200. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு நான்கு அலை அடிக்கும். தம்புராவின் மந்தர ஷட்ஜம் 98-உம் 100-உம் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு. சுருதி சரியாக இருந்தும் ஏதோ ஆடுகிறதே என்று தம்புராவைத் திருகிக்கொண்டிருப்பார்கள். சரி என்று 200-இல் நாட்ச் போட்டால் அதன் விளிம்பு 196-ஐயும் தொடும், ஷட்ஜத்திலிருந்து கமகமாக மேலே போகும்போதெல்லாம் குரல் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும். 1 கட்டையில் பாடும் ஆண்களும் தப்பவில்லை, அவர்களுடைய பஞ்சமம் அதே 196. ஆகவே நாட்ச் போட்டால் 50, 100, 150 மூன்றோடு நிறுத்துங்கள், மிகக் குறுகலாக வையுங்கள். 200-ஐத் தொட்டே ஆக வேண்டிய நிலை என்றால் திரும்பவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் சார்ஜருக்கும் போங்கள்.

குரலுக்கு மட்டும் என்றால் 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் 50 நன்றாகவே அடங்கிவிடும், பாட்டுக்குச் சேதமில்லை. வீணைக்கு அதே 80-ஐப் போடாதீர்கள். 3 கட்டையில் சுருதி சேர்த்த வீணையில் அனுமந்தர பஞ்சமக் கம்பி 62 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. அங்கே ஹை-பாஸை 40-க்கு இறக்கி, 50-க்குத் தனியாக ஒரு குறுகிய நாட்ச் போடுங்கள். அந்தக் கம்பியை ஒரு முறை மீட்டி, ஃபில்டரைப் போட்டும் எடுத்தும் கேட்ட பிறகு ஃபைலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.